“எத்தனை சிட்டிங்கில் சரியாகும்?”: கன்வர்ஷன் தெரபி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே உள்ள கேள்விகள் பெரும்பாலும் தொலைபேசியில் என்னிடம் கேட்கப்பட்டவை. கேட்டவர்களில் பாதிப்பேர் பெற்றோர். மீதிப்பேர் பிள்ளைகள், ஒன்றிரண்டு மருத்துவ மாணவர்கள். ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தலைப்பில் இருக்கும் கேள்வி ஓர் அம்மா முதல் அழைப்பிலேயே கேட்டது. பல் டாக்டரிடம் வேர் சிகிச்சைக்கு எத்தனை தடவை வரணும் என்று விசாரிப்பதுபோல அவ்வளவு இயல்பாகக் கேட்டார்.

கன்வர்ஷன் தெரபி என்றால் என்ன?

ஒருவருடைய பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மாற்றிவிடலாம், மாற்றியே ஆகவேண்டும் என்ற எண்ணத்தோடு செய்யும் எதுவும் இதில் சேரும். ஆணை விரும்பும் ஆணையும் பெண்ணை விரும்பும் பெண்ணையும் ‘நார்மல்’ ஆக்கப் பார்ப்பது. திருநங்கையை ஆணாகவும் திருநம்பியைப் பெண்ணாகவும் இருக்கச்சொல்லிக் கட்டாயப்படுத்துவது. மாத்திரை, ஊசி, மின் அதிர்ச்சி, ஹிப்னாடிசம், பேச்சு, ஜெபம், மந்திரிப்பு, அடி, உதை என்று வழி எதுவாகவும் இருக்கலாம். நோக்கம் இதுவென்றால் பெயரும் இதுதான்.

தமிழில் இதற்கு இன்னும் நிலைத்த பெயர் இல்லை. ‘மாற்றுச் சிகிச்சை’ என்று எழுதினால் சித்தாவும் ஹோமியோபதியும் ஞாபகத்துக்கு வருகின்றன. அதனால் நான் ஆங்கிலப் பெயரையே எழுதிவிடுகிறேன். வீடுகளில் இதற்கு வழங்கும் சொல் வேறு: ‘சரிபண்றது’.

நம் ஊரில் இதெல்லாம் நடக்கிறதா? வெளிநாட்டுச் சமாச்சாரம் இல்லையா?

அந்த அம்மா பிறகு நேரில் வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இரண்டு டாக்டர்கள் எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டுகள், நாலாக மடித்து மடித்து ஓரம் கிழிந்தவை. என்ன நோய் என்று எழுத வேண்டிய இடம் இரண்டிலும் காலி. ஆனால் மருந்து மட்டும் இருந்தது: தூக்கத்துக்கு ஒன்று, மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்று. அப்புறம் மகனின் ஜாதக நோட்டு, சுக்கிரனுக்குப் பரிகாரம் எழுதிய துண்டுத்தாள், கறுப்புக் கயிற்றில் ஒரு தாயத்து, காய்ந்து கல்லாகிப்போன எலுமிச்சம்பழம், ஜெபம் செய்த எண்ணெய் ஒரு சின்ன பாட்டில். அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. “யார் சொன்னாலும் போய்ப் பார்த்துட்டேங்க” என்றார்.

மகனுக்கு 23 வயது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், வாய் திறக்கவில்லை. மாத்திரை போட்டதில் பகலெல்லாம் தூங்கி விழுந்து, இருந்த வேலையும் போயிருந்தது.

நம் ஊரில் கன்வர்ஷன் தெரபி என்பது இந்தப் பைதான். இதற்கென்று போர்டு மாட்டிய ஆஸ்பத்திரி எதுவும் இருக்காது. குடும்ப டாக்டர், ‘மனசை மாத்துவார்’ என்று யாரோ சொன்ன கவுன்சிலர், சோதிடர், பூசாரி, பாஸ்டர், ஹஸ்ரத், கடைசியில் கல்யாணத் தரகர் என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்குவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. அந்த அம்மா காதுத் தோட்டை அடகு வைத்துத்தான் செலவு பண்ணியிருந்தார்.

இது எங்கே ஆரம்பித்தது?

மருத்துவத்தின் பெயரால் செய்ததற்கு நூறு வருடத்துக்கு மேல் வரலாறு உண்டு. வியன்னாவில் ஷ்டைனாக் என்ற உடலியல் அறிஞரின் கொள்கையை நம்பி, தன்பாலீர்ப்பு ஆண்களுக்கு வேறு ஆண்களின் விரைத் திசுவைப் பொருத்திப் பார்த்தார்கள். 1944இல் புகன்வால்ட் வதைமுகாமில் வார்னெட் என்ற டென்மார்க் மருத்துவர் கைதிகளின் உடலுக்குள் ஹார்மோன் குழாய்களை வைத்துத் தைத்தார். கணினி இயலுக்கு அடித்தளம் போட்ட ஆலன் டூரிங்குக்கு 1952இல் பிரிட்டன் நீதிமன்றம் தந்த தேர்வு இரண்டுதான்: ஜெயிலா, ஹார்மோனா. ஹார்மோன் என்றார். இரண்டே வருடத்தில் இறந்துபோனார்.

பிறகு வந்தது வெறுப்பூட்டும் சிகிச்சை. ஆண்களின் படத்தைக் காட்டும்போதெல்லாம் வாந்தி வரவைக்கும் மருந்தையோ மின் அதிர்ச்சியையோ கொடுப்பார்கள். ஆசை வரும்போதெல்லாம் குமட்டலும் சேர்ந்து வந்தால் ஆசை போய்விடும் என்பது கணக்கு. ஆசை அங்கேயேதான் இருந்தது. அதன்மேல் பயம் ஏறி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். இந்திய மனநல இதழ்களிலேயே 1980களில் இந்த வகை ‘சிகிச்சை’ பற்றிக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. 2001இல் தில்லியின் பெரிய அரசு மருத்துவமனை ஒன்றில் இப்படி நடந்ததாகத் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் போனது. தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு அப்போது அமலில் இருந்தது என்பதால் ஆணையம் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

இத்தனைக்கும் நடுவில் 1935இல், உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃபிராய்டுக்கு அமெரிக்காவிலிருந்து ஓர் அம்மா கடிதம் போட்டிருந்தார். மகனைக் குணப்படுத்த முடியுமா என்பது கேள்வி. மகனுக்கு என்ன என்பதை அந்த அம்மாவால் கடிதத்தில் எழுதக்கூட முடியவில்லை. அந்தச் சொல்லை ஏன் தவிர்க்கிறீர்கள் என்று ஃபிராய்டே பதிலில் கேட்கிறார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இது நோய் என்ற வகைக்குள் வராது, மாற்றித் தருகிறேன் என்று பொதுவாக யாரும் வாக்குக் கொடுக்க முடியாது என்று எழுதினார். ஃபிராய்டு சொன்ன எல்லாவற்றையும் ஒப்புக்கொள்பவன் இல்லை நான். ஆனாலும் மஞ்சள் பையோடு யார் வந்து உட்கார்ந்தாலும் எனக்கு இந்தக் கடிதம்தான் ஞாபகம் வரும்.

அப்படியென்றால் இது நோயே இல்லையா? யார் சொன்னது?

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று எடுத்தது. திருநர் அடையாளத்தையும் மனநோய் அத்தியாயத்திலிருந்து அந்நிறுவனம் நீக்கிவிட்டது. அந்தப் புதிய பட்டியல் 2022 ஜனவரியில் அமலுக்கு வந்தது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018இலேயே இது நோயல்ல என்று அறிவித்தாயிற்று.

இந்தியச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மூன்றாம் பிரிவைப் பாருங்கள். ஊரின் ஒழுக்கத்துக்கோ பண்பாட்டுக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று முடிவுகட்டக் கூடாது என்கிறது. மருந்துச் சீட்டில் நோயின் பெயர் ஏன் காலியாக இருந்தது என்று இப்போது புரிந்திருக்கும். எழுத எதுவும் கிடையாது.

மாறினவர்கள் யாருமே இல்லையா? எங்கள் தெருவிலேயே ஒருவர் கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாரே?

இருப்பார். பிள்ளை பெற்றுக்கொள்வதற்கும் யார்மீது ஈர்ப்பு என்பதற்கும் சம்பந்தம் இல்லை.

‘மாறியவர்கள்’ பற்றி உலகத்தில் அதிகம் பேசப்பட்ட ஆய்வு ராபர்ட் ஸ்பிட்சர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் செய்தது. 1973இல் நோய்ப் பட்டியலிலிருந்து எடுக்க முன்நின்றவரே அவர்தான். அதனாலேயே 2003இல் அவர் “தீவிரமாக விரும்பும் சிலர் மாறியிருக்கிறார்கள்” என்று எழுதியபோது எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆய்வு என்பது 200 பேரைத் தொலைபேசியில் பேட்டி எடுத்தது. அவர்களில் பலரை அனுப்பி வைத்ததே இந்தத் தெரபியை நடத்தும் அமைப்புகள். மாறிவிட்டேன் என்று அவர்கள் சொன்னார்கள், இவர் எழுதிக்கொண்டார். சொன்னது உண்மையா என்று சரிபார்க்க வழியே இல்லை. 2012இல், எண்பது வயதை எட்டும் நேரத்தில், ஸ்பிட்சர் அந்த முடிவு செல்லாது என்று ஒப்புக்கொண்டு, இதை நம்பிக் காலத்தையும் உடலையும் வீணாக்கியவர்களிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்டார்.

அதே வருடம் எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவ அமைப்பின் தலைவர் ஆலன் சேம்பர்ஸ் வாயிலிருந்தும் உண்மை வந்தது. ஜெபத்தாலும் ஆலோசனையாலும் மாற்ற முடியும் என்று சொல்லி 1976 முதல் நடந்த அமைப்பு அது. தான் சந்தித்தவர்களில் 99.9 சதவீதம் பேருக்கு ஈர்ப்பு மாறவில்லை என்றார் அவர். 2013 ஜூனில் மன்னிப்புக் கேட்டு அமைப்பை இழுத்து மூடினார்கள்.

என் அனுபவத்தில் மாறுவது ஒன்றுதான்: பிள்ளை வீட்டில் பேசுகிற பேச்சு. நாலு கோயில், இரண்டு டாக்டர் ஆனதும் “சரியாயிடுச்சும்மா” என்று சொல்லிவிடுவார்கள். தொல்லை விட்டால் போதும் என்று சொல்வது அது. இந்தத் தெரபிக்கு வெற்றி என்று ஒன்று இருந்தால், பொய் சொல்லக் கற்றுக்கொடுத்ததுதான்.

பலன் இல்லாவிட்டாலும் முயற்சி பண்ணிப் பார்ப்பதில் என்ன கெடுதல்?

இந்தக் கேள்வியில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். சத்து டானிக் மாதிரி, கேட்டால் கேட்கட்டும், கேட்காவிட்டால் போகட்டும் என்று நினைக்கிறார்கள்.

சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. பால்புதுமையினரான (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்ற) இளைஞர்களிடம் கேட்டார்கள். யாரும் தங்களை மாற்ற முயலவில்லை என்றவர்களில் தற்கொலைக்கு முயன்றவர்கள் 22 சதவீதம். பெற்றோர் வீட்டிலேயே மாற்ற முயன்றார்கள் என்றவர்களில் 48. வீட்டு முயற்சியோடு வெளியே சிகிச்சையாளரிடமோ மதத் தலைவரிடமோ அனுப்பப்பட்டவர்களில் 63. நடுவில் இருக்கும் எண்ணை இன்னொரு தரம் பாருங்கள். டாக்டர் வேண்டாம், சாமியார் வேண்டாம், அம்மாவும் அப்பாவும் தினம் சொல்லிக்கொண்டே இருப்பது மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றியிருக்கிறது.

ஏன் இவ்வளவு என்றால், சாதாரண நோயில் மருந்து வேலை செய்யாவிட்டால் மருந்தைக் குறை சொல்வோம். இங்கே குறை எப்போதும் பிள்ளைமேல்தான் வரும். “நீ மனசுவெச்சு முயற்சி பண்ணலை.” “நம்பிக்கை இல்லாம ஜெபிச்சா எப்படி?” ஒவ்வொரு தோல்வியும் அவன் கணக்கில் ஏறுகிறது. தூக்கம் கெடுகிறது, படிப்பு நிற்கிறது, உடம்பைத் தொட்டாலே அருவருப்பு. கொஞ்சம் வயதானபின் யாரையாவது விரும்பினாலும், அந்தப் பழைய குமட்டல் குறுக்கே வந்து நிற்கிறது என்று நாற்பது வயதுக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார். அவருக்கு ‘சிகிச்சை’ நடந்தது கல்லூரி முதலாம் ஆண்டில்.

2020இல் கேரளத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர், தன்னைக் கட்டாயப்படுத்தி மருந்து கொடுத்து அடைத்து வைத்ததைக் காணொளியில் சொல்லிச் சில வாரங்களில் இறந்துபோனார். அதன் பிறகு குவீரளா என்ற அமைப்பு கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போய், வழிகாட்டு நெறிமுறை வகுக்கும்படி மாநில அரசுக்கு உத்தரவு வாங்கியது.

மின் அதிர்ச்சி என்றாலே தப்பா? என் சித்திக்கு மனச்சோர்வுக்குக் கொடுத்தார்களே?

அது வேறு. கடுமையான மனச்சோர்வுக்கு மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் மின் அதிர்வுச் சிகிச்சை அங்கீகரிக்கப்பட்டது, பலருடைய உயிரைக் காப்பாற்றியது. சித்தியைப் பயமுறுத்திவிடாதீர்கள். மயக்க மருந்து இல்லாமல் அதைக் கொடுப்பதை 2017 சட்டம் தடை செய்கிறது. ஈர்ப்பை மாற்ற அதைப் பயன்படுத்துவதற்கு மருத்துவத்தில் இடமே இல்லை.

இந்தியாவில் இதற்குத் தடை இருக்கிறதா?

இருக்கிறது. அதில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பங்கு உண்டு.

2021இல் மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள், ஒருவரையொருவர் விரும்புகிறவர்கள், வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்துவிட்டார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்க, போலீஸ் தேட, இவர்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். சுஷ்மா வழக்கு என்று அறியப்படுவது இதுதான். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அன்று செய்த காரியத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. தனக்கே இது பற்றி முன்முடிவுகள் இருக்கின்றன, இன்னும் முழுதாகப் புரியவில்லை என்று உத்தரவிலேயே எழுதினார். உளவியலாளர் ஒருவரிடம் தானே போய் உட்கார்ந்து பாடம் கேட்டார். பிறகு 2021 ஜூன் 7 அன்று உத்தரவு போட்டார்: பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மருத்துவத்தால் மாற்றும் எந்த முயற்சிக்கும் தடை, மீறுகிறவர்மீது உரிமத்தைப் பறிப்பது வரை நடவடிக்கை.

அந்த வழக்கு அதோடு முடியவில்லை. ஒவ்வொரு துறையாக இழுத்துக்கொண்டு வந்தது. 2022 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், கன்வர்ஷன் தெரபி தொழில் ஒழுங்கீனம் என்று எல்லா மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கும் எழுதியது. பால்புதுமையினரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று தமிழ்நாடு போலீஸ் நடத்தை விதிகளில் ஒரு விதி சேர்ந்தது. பால்புதுமையினர், திருநர், தன்பாலீர்ப்பு போன்ற சொற்கள் கொண்ட சொல் பட்டியலை மாநில அரசு அரசிதழில் வெளியிட்டது. பத்திரிகைகளில் இந்தச் சொற்கள் இப்போது கண்ணில் படுகின்றன என்றால் அதற்கு இந்தப் பட்டியலும் ஒரு காரணம்.

எல்லாம் சீராகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2024 ஆகஸ்ட் கடைசியில் அதே ஆணையம் வெளியிட்ட எம்பிபிஎஸ் தடயவியல் பாடத்திட்டத்தில் பெண்ணைப் பெண் விரும்புவது ‘இயற்கைக்கு மாறான குற்றம்’ என்ற தலைப்பின்கீழ் மறுபடி வந்து உட்கார்ந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளில் திரும்பப் பெற்றார்கள். நாளைய டாக்டர் எதைப் படித்துவிட்டு வருவார் என்பது இன்னும் இழுபறியில்தான் இருக்கிறது. நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டமும் கிடையாது.

டாக்டரைத் தடுக்கலாம். பூசாரியையும் பாஸ்டரையும் யார் தடுப்பது?

நியாயமான கேள்வி. மருத்துவக் கவுன்சிலின் கை மருத்துவரோடு நின்றுவிடும். ஆனால் அடிப்பது, கட்டிவைப்பது, அறையில் பூட்டுவது எல்லாம் யார் செய்தாலும் குற்றம்தான். பெற்றோர் என்பதால் விலக்கு இல்லை.

2025 மே 22 அன்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் தந்த தீர்ப்பைச் சொல்ல வேண்டும். வேலூர் மாவட்டத்தில் 25 வயதுப் பெண் ஒருவரை வீட்டார் பிடித்துவைத்திருப்பதாக அவருடைய தோழி ஆட்கொணர்வு மனு போட்டார். நீதிபதிகளிடம் அந்தப் பெண் சொன்னது: தன்னை வலுக்கட்டாயமாகத் தூக்கிப்போனார்கள், அடித்தார்கள், ‘நார்மல்’ ஆகவேண்டும் என்று சில சடங்குகளைச் செய்யவைத்தார்கள். அம்மா நீதிமன்றத்திலேயே தோழிமேல் பழிபோட்டார். மகனை அப்படியே ஏற்றுக்கொண்டு பகிரங்கமாக எழுதிய, இமாச்சலப் பிரதேச உயர்நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி லீலா சேத்தைப் போல எல்லா அம்மாவும் இருக்க மாட்டார் என்று குறிப்பிட்டுவிட்டு, அந்தப் பெண் விரும்பிய இடத்துக்குப் போகலாம், வீட்டார் தடுக்கக் கூடாது என்றார்கள். குடும்பம் என்பது கல்யாணத்தால் மட்டும் அமைவதில்லை, தேர்ந்தெடுத்துக்கொள்ளும் குடும்பமும் குடும்பமே என்றும் எழுதினார்கள். புகாரைக் கண்டுகொள்ளாத போலீஸுக்கும் குட்டு விழுந்தது.

கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடாதா?

ஆகாது. உங்கள் மகனோடு இன்னொருவர் மகளும் சேர்ந்து மாட்டிக்கொள்வார். அந்தப் பெண்ணின் அழைப்பும் எனக்கு வரும், “என்கிட்ட என்ன குறைங்க?” என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

பிள்ளையே வந்து “என்னை மாத்திடுங்க” என்று கேட்டால்?

கேட்பார்கள். அதை அலட்சியப்படுத்தக் கூடாது. எதனால் மாறணும் என்று மெதுவாகக் கேட்டால் பதில் பெரும்பாலும் ஈர்ப்பைப் பற்றி இருக்காது. “அம்மா அழக்கூடாது.” “தங்கச்சிக்கு வரன் அமையணும்.” “ஹாஸ்டலில் கிண்டல் தாங்கலை.” நல்ல சிகிச்சையாளர் இந்தப் பயத்துக்கும் துக்கத்துக்கும்தான் வைத்தியம் பார்ப்பார். மாற்றித் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டார். இல்லாத மருந்துக்கு ஒப்புதல் கையெழுத்து வாங்கினாலும் அது ஒப்புதல் ஆகாது.

அப்படியானால் கவுன்சிலிங்குக்கே போகக் கூடாதா?

தாராளமாகப் போகலாம். முதலில் நீங்கள் போங்கள் என்பேன். பிள்ளை வருடக்கணக்காக யோசித்துவிட்டுத்தான் வந்து சொல்லியிருப்பான். உங்களுக்குச் செய்தி வந்து நாலு நாள்தான் ஆகிறது. அழுகையும் கோபமும் உங்களுக்குத்தான் அதிகம் இருக்கும், அதைக் கொட்ட இடம் வேண்டும்.

யாரிடம் போவது என்பதில் எச்சரிக்கை தேவை. ‘கவுன்சிலர்’ என்று போர்டு மாட்டிக்கொள்வது சுலபம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண். கேட்பதில் தப்பில்லை. போன் செய்யும்போதே ஒன்று கேளுங்கள்: “என் மகளுக்குப் பெண்கள்மீதுதான் ஈர்ப்பு. நீங்கள் என்ன செய்வீர்கள்?” மாற்றலாம், சின்ன வயதில் என்ன நடந்தது என்று பார்க்கலாம், ஹார்மோன் டெஸ்ட் எடுக்கலாம் என்று பதில் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். “அவங்களுக்கு இப்ப என்ன கஷ்டம்?” என்று திருப்பிக் கேட்டால் போய்ப் பாருங்கள்.

மஞ்சள் பை அம்மாவுக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். எத்தனை சிட்டிங் என்றால் உங்களுக்கு நாலைந்து ஆகலாம் என்றேன். கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து, வீட்டுக்காரருக்குத் தெரியாமல், தனியாக வந்தார்.

திருநங்கை, திருநம்பிக்கு அறுவை சிகிச்சை செய்வதும் ‘மாற்றுவது’ தானே?

‘மாற்றம்’ என்ற சொல் செய்யும் குழப்பம் இது. அங்கே உடலை மாற்றிக்கொள்வது அந்த ஆள், தன் விருப்பத்தில், வயது வந்தபின், தான் யார் என்பதற்கு ஏற்ப. இங்கே ஆளை மாற்றப் பார்ப்பது மற்றவர்கள்.

பிறக்கும்போதே உடலமைப்பு ஆண், பெண் என்ற இரண்டிலும் முழுதாக அடங்காத ஊடுபால் குழந்தைகளின் விஷயமும் இதற்குப் பக்கத்தில் வரும். பெரியவர்கள் வசதிக்காக அந்தக் குழந்தையை வெட்டித் தைத்து ஒரு பக்கம் சேர்ப்பதை 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடுத்தது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர இத்தகைய அறுவை கூடாது என்று தமிழ்நாடு அரசும் அதே ஆண்டு அரசாணை போட்டது. இந்தியாவில் முதலில் செய்தது நாம்தான்.

டாக்டர் ஒருவர் எனக்கு இப்படிச் ‘சிகிச்சை’ கொடுத்தார். புகார் எங்கே?

தமிழ்நாட்டில் பதிவு செய்தவர் என்றால் சென்னையில் இருக்கும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு. மருந்துச் சீட்டு, பில், வாட்ஸாப் செய்தி எதையும் தூக்கிப் போடாதீர்கள். நோயின் பெயர் எழுதாத சீட்டே ஒரு சாட்சிதான். மனநல நிலையத்தில் சேர்த்திருந்தால் மனநல மறுஆய்வு வாரியத்துக்கும் எழுதலாம்.

என்னை வீட்டில் அடைத்துவைத்து, ஆஸ்பத்திரியில் சேர்க்கப்போவதாகச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

18 வயது ஆகிவிட்டதென்றால், எங்கே இருப்பது யாரோடு இருப்பது என்பது உங்கள் முடிவு. உங்கள் சம்மதம் இல்லாமல் மனநல நிலையத்தில் சேர்க்க வேண்டுமானால் கடுமையான மனநோய் இருப்பதாக இரண்டு வல்லுநர்கள் தனித்தனியாகப் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். அதில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். அப்பா கையெழுத்து மட்டும் போதாது.

முன்கூட்டியே செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது. 2017 சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி ‘நியமனப் பிரதிநிதி’ ஒருவரை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அவர் நண்பராகவும் இருக்கலாம், உறவினராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவருடைய சம்மதத்தையும் எழுத்தில் வாங்கி, ஒரு நகலை அவரிடம் கொடுத்துவையுங்கள். அப்புறம் சிகிச்சை விஷயத்தில் உங்களுக்காகப் பேசும் உரிமை முதலில் அவருக்குத்தான்.

அடைத்து வைத்துவிட்டார்கள் என்றால் வெளியே இருக்கும் நண்பர் உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். அத்தகைய வழக்குகளில் கவுன்சிலிங் என்ற பெயரில் உங்கள் ஈர்ப்பை மாற்ற நீதிமன்றங்களே முயலக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2024 மார்ச் 11 அன்று உயர்நீதிமன்றங்களுக்கு நெறிமுறை வகுத்திருக்கிறது. சென்னையில் ஓரினம், நிறங்கள் போன்ற அமைப்புகளிடம் பேசினால் வழக்கறிஞரைப் பிடிக்க வழி கிடைக்கும். பெண்களுக்கு 181, 18 வயதுக்குக் கீழே என்றால் 1098. சாகலாம் என்று தோன்றுகிறதென்றால் முதலில் 14416க்கு அடியுங்கள். அது டெலி மானஸ், அரசு நடத்துவது, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பேசி முடித்ததும் அழைப்புப் பட்டியலில் அந்த எண்ணை அழித்துவிடுங்கள். போனை வீட்டில் வாங்கிப் பார்ப்பார்கள்.